டிசைன் ஒரு ஸ்பிரிண்ட் முன்னால் போகணுமா, கூடவே வரணுமா?

கேள்வி, 5 ஜூலை 2025

எங்கள் டீமில் ஏழு பேர். டிசைனர் ஒருவர், பயனர் பார்க்கும் ஸ்கிரீனைக் கட்டும் ஃபிரண்ட் எண்டுக்கு இரண்டு பேர். இரண்டு வார ஸ்பிரிண்ட், அதாவது எடுத்த வேலையை இரண்டு வாரத்தில் கட்டி டெமோவில் காட்டும் சுற்று. டிசைனர் ஃபிக்மா என்ற வரையும் கருவியில் முடித்துக் கொடுக்கும்போதே ஐந்து நாள் ஓடிவிடுகிறது. மிச்ச நாளில் அடித்துப் பிடித்துக் கட்டினால், டெமோவில் அவர் "நான் வரைந்தது இது இல்லையே" என்கிறார். மொத்த டிசைனையும் முதலில் முடித்துவிட்டு ஸ்பிரிண்டைத் தொடங்கலாம் என்கிறார் மேனேஜர். எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

பதில், 5 ஜூலை, இரவு

செய்து பார்த்திருக்கிறேன். வேண்டாம். மூன்று மாதம் வரைந்து 60 ஸ்கிரீன் கைக்கு வந்தது. கட்டத் தொடங்கிய இரண்டாவது வாரமே, பணம் பட்டுவாடா நடக்கும் முறையை வாடிக்கையாளர் மாற்றிவிட்டார். அந்த 60இல் பாதிக்கு மேல் குப்பைக்குப் போனது. வரைந்தவர் அன்று சாப்பிடக்கூட வரவில்லை.

ஒரே ஒரு ஸ்பிரிண்ட் முன்னால் போனால் போதும். இது என் கண்டுபிடிப்பு இல்லை. டெசிரே சை என்பவர் 2007இல் ஒரு கட்டுரையில் இதை விவரமாக எழுதியிருக்கிறார். டெவலப்பர்கள் ஒரு சுற்றைக் கட்டிக்கொண்டிருக்கும்போது டிசைனர் அடுத்த சுற்றை வரைவார், அதற்கும் அடுத்த சுற்றுக்கான தகவலைத் திரட்டுவார், போன சுற்றில் கட்டியதைப் பயனரிடம் கொடுத்துச் சோதிப்பார். ஒரே ஆள் மூன்று சுற்றிலும் கால் வைத்திருப்பார். நாங்கள் இரண்டு வருடமாக இப்படித்தான் ஓட்டுகிறோம்.

6 ஜூலை

எங்கிருந்து பேசுகிறேன் என்று சொல்லவில்லையே. ஊர் கொழிஞ்சாம்பாறை. கேரளம்தான், ஆனால் வீட்டிலும் கடையிலும் தமிழ். ஆபீஸ் கோயம்புத்தூரில். வாரம் மூன்று நாள் வேலந்தாவளம் வழியாகப் பஸ், மற்ற நாள் வீட்டிலிருந்து வேலை. நான் ஃபிரண்ட் எண்ட். டிசைனர் பாலக்காட்டுப் பெண், தாய்மொழி மலையாளம். இப்போது எல்லைக்கு இருபுறமும் உள்ள பால் சேகரிப்பு மையங்களுக்கு ஒரு ஆப் கட்டுகிறோம். உறுப்பினர், லிட்டர், ஃபேட் (கொழுப்பு), எஸ்.என்.எஃப் (கொழுப்பு நீங்கலான திடப்பொருள்), தொகை. கேட்டால் ஐந்தே விஷயம்.

11 ஜூலை

இந்த வாரம் நடந்தது உங்கள் டெமோ பிரச்சினைக்கு அப்படியே பொருந்தும்.

உறுப்பினர் பட்டியலில் ஊர்ப்பெயருக்கு ஒரு கட்டம். ஃபிக்மாவில் டிசைனர் அதில் 'சித்தூர்' என்று போட்டிருந்தார். அழகாக உட்கார்ந்தது. அதைப் பார்த்து நான் அந்த இன்புட்டுக்கு 12 எழுத்து என்று வரம்பு வைத்தேன். டெமோவில் என் சொந்த ஊரையே தட்டினேன். 'கொழிஞ்சாம்பா' என்று நின்றுவிட்டது. 'றை' உள்ளே போகவே இல்லை.

ஏழே எழுத்து, வரம்பு 12. ஏன் நிற்கிறது? நாம் 'கொ' என்பதை ஓர் எழுத்து என்கிறோம், பிரவுசருக்கு அது 'க', அப்புறம் கொம்பும் காலும் சேர்ந்த ஒரு குறி, ஆக இரண்டு. ஒவ்வொரு எழுத்தையும் இரண்டிரண்டாக எண்ணுகிறது. ஏழு எழுத்துக்கு 14.

டிசைனருக்கு இது தெரியாது, தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. எனக்குத் தெரியும். ஆனால் அவர் வரையும்போது நான் பக்கத்தில் இல்லை. படம் முடிந்து என்னிடம் வந்தபோது அதில் இருந்தது 'சித்தூர்' மட்டும்தான்.

12 ஜூலை, காலை

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். இரண்டிரண்டாக எண்ணும் என்றது தவறு. அகரம் ஏறிய எழுத்து ஒன்றுதான். 'வேலந்தாவளம்' என்பதும் நமக்கு ஏழு எழுத்து, ஆனால் அதில் ல, வ, ள மூன்றும் ஒற்றை, அதனால் பிரவுசர் கணக்கில் 11. வரம்புக்குள் வந்துவிடும். கொழிஞ்சாம்பாறையில் ஒன்றுகூட ஒற்றை இல்லை, 14. இரண்டும் காகிதத்தில் ஏழு. எங்கள் டெஸ்டர் வேலந்தாவளத்தைப் போட்டுப் பார்த்து 'பாஸ்' கொடுத்திருக்கிறார். அவர் மேல் தப்பே இல்லை.

நம் கண்ணுக்குத் தெரிகிற எழுத்தாக எண்ண, பிரவுசரில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் செக்மென்டர் என்ற வசதி இருக்கிறது. நாங்கள் வரம்பையே எடுத்துவிட்டு, ஊர்ப்பெயர் இரண்டு வரிக்கு மடங்கட்டும் என்று விட்டோம். அந்த முடிவுக்கு வர டிசைனரும் நானும் ஒரே ஸ்கிரீன் முன்னால் பத்து நிமிடம் உட்கார்ந்தோம். டிக்கெட்டில் (வேலையைப் பதிந்து வைக்கும் குறிப்பில்) ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டிருந்தது மூன்று நாள்.

12 ஜூலை, மாலை

அதோடு ஒட்டிய இன்னொன்று. 'கொ'வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: கொம்பும் காலும் ஒரே குறியாக, அல்லது தனித்தனியாக. பார்வைக்கு ஒன்றேதான். பழைய கணக்கிலிருந்து ஏற்றிய பெயர்கள் ஒரு விதம், மையத்து ஃபோன் கீபோர்டு இன்னொரு விதம். தேடினால் 'யாரும் இல்லை' என்று வரும், ஆனால் ஆள் எதிரே கேனோடு நிற்பார். சேமிக்கும்போதும் தேடும்போதும் நார்மலைஸ் செய்தால், அதாவது இரண்டையும் ஒரே விதமாக மாற்றினால், தீர்ந்தது. இதில் டிசைனருக்கு வேலை இல்லை என்று நினைத்தேன். இருந்தது. 'யாரும் இல்லை' என்ற அந்தச் செய்தியே தவறு, அது ஆளை அவமானப்படுத்துகிறது, 'இந்தப் பெயரில் கிடைக்கவில்லை, எண்ணைப் போட்டுப் பாருங்கள்' என்று மாற்றச் சொன்னார். அந்த ஸ்கிரீனை நான் ஏற்கெனவே முடித்து மூடியிருந்தேன்.

19 ஜூலை

இன்று விடியற்காலை வேலந்தாவளம் பக்கம் ஒரு மையத்துக்கு டிசைனரும் நானும் சேர்ந்தே போனோம். அவர் மட்டும் போய்க் குறிப்பெடுத்து வருவதுதான் இதுவரை வழக்கம். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆறு மணிக்கு முன்னாலேயே வரிசை. ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாயிலிருந்து நேராக வந்து அறைகிறது. தகரக் கூரை படபடக்கிறது, ஒருவர் பேசுவது இன்னொருவருக்குக் கேட்பதில்லை. உள்ளே ஒரு மேசை, எடைத் தராசு, பாலின் ஃபேட்டை அளக்கும் அனலைசர், எங்கள் டேப்லெட். எழுதுகிற அக்கா பன்னிரண்டு வருடமாக அந்த நாற்காலியில் இருக்கிறார். ஒரு கையால் சாம்பிள் குப்பியை அனலைசருக்கு நீட்டுகிறார், இன்னொரு கையால் டேப்லெட். இரண்டு கையும் ஈரம்.

எங்கள் ஆப் முதலில் பெயரைக் கேட்கிறது. அக்கா பெயரைத் தேடவே இல்லை. கேன் வாசலுக்கு வரும்போதே "நாப்பத்தேழு" என்கிறார். முகம்தான் எண், எண்தான் முகம். பெயரைத் தட்டத் தட்ட, ஈர விரலுக்கு டேப்லெட் இரண்டு தடவை மசியவில்லை. முந்தானையில் துடைத்துக்கொண்டு மறுபடி தட்டினார். பின்னால் நின்ற பெரியவர் சத்தமாகச் சொன்னார்: "கண்ணு, அது பால் கறக்கறதுக்குள்ள எம்மாடு இன்னொரு தடவ கறந்துரும்." வரிசையே சிரித்தது, அக்காவும்.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். எண்களைத் தட்ட டிசைனர் பெரிய பெரிய கட்டங்களோடு தனி நம்பர் பேடு வரைந்திருந்தார். நான்தான் வேண்டாம் என்றேன். இன்புட்மோட் என்ற அமைப்பை டெசிமல் என்று வைத்தால் ஃபோனே எண் கீபோர்டைக் கொண்டுவந்துவிடும், எதற்கு வீண் வேலை என்று ரிவியூவில் வாதாடி ஜெயித்தேன். இன்று பார்த்தால் அந்தக் கீபோர்டு மேலேறி வந்து பாதி ஸ்கிரீனை மூடுகிறது. போன ஆளின் ஃபேட் என்ன என்று பார்க்க அக்கா ஒவ்வொரு தடவையும் அதை இறக்க வேண்டியிருக்கிறது. டிசைனர் என்னைத் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

ஏழரைக்கு வரிசை முடிந்தது. அக்கா டீ கொடுத்தார். அந்தப் பெஞ்சிலேயே டிசைனர் ஒரு பழைய ரசீதின் பின்பக்கம் வரைந்தார்: மேலே பெரிதாக எண், நடுவில் பெயரும் போன வேளையின் அளவும், கீழே நம்பர் பேடு. நான் லேப்டாப்பைத் திறந்து அதையே கட்டினேன். ஃபிக்மா இல்லை, டிக்கெட் இல்லை. பட்டன் எவ்வளவு பெரிது என்று கேட்கவில்லை, அக்காவைக் கட்டை விரலை வைக்கச் சொல்லி அளந்தோம். சாயங்கால வேளைக்கு அது டேப்லெட்டில் இருந்தது. இரண்டு இடத்தில் உடைந்தது, அங்கேயே சரிசெய்தோம். இருட்டும் முன் அக்கா எங்களைப் பார்க்காமலே தட்டிக்கொண்டிருந்தார்.

ஒரே நாள். எங்கள் பழைய கணக்கில் இது ஒன்றரை ஸ்பிரிண்ட் வேலை.

20 ஜூலை

பட்டன் அளவு எவ்வளவு வைத்தோம் என்று கேட்டிருக்கிறார்கள். அந்த நம்பர் பேடில் ஒவ்வொரு கட்டமும் 72 பிக்சல். எல்லாரும் பயன்படுத்தும்படி ஸ்கிரீன் அமைப்பதற்கான அணுகுதன்மை விதிகள் குறைந்தது 44 கேட்கின்றன, அதை விட நன்றாகவே பெரிது. வெயில் நேராக விழும் மேசை, அதனால் எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வேறுபாடும் விதி சொல்லும் 4.5க்கு 1 என்பதைத் தாண்டியே வைத்தோம், கிட்டத்தட்ட சுத்தக் கறுப்பு வெள்ளை.

22 ஜூலை

44 என்று நான் சொன்னது துல்லியம் இல்லை. அந்த அணுகுதன்மை விதிகளான டபிள்யூ.சி.ஏ.ஜி 2.2இல் ஏஏ நிலைக்குக் குறைந்தபட்சம் 24க்கு 24. 44க்கு 44 என்பது அதை விடக் கடுமையான ஏஏஏ நிலை. பார்த்து எழுதியிருக்க வேண்டும். எங்கள் அக்காவின் ஈர விரலுக்கு இரண்டுமே போதாது என்பது வேறு விஷயம்.

27 ஜூலை

கொஞ்சம் தடம் மாறுகிறேன், ஆனால் இதுவும் டிசைனும் ஃபிரண்ட் எண்டும் தனித்தனியாக நின்றதால் வந்ததுதான்.

எஸ்.என்.எஃப் என்பதை மொழிபெயர்ப்பில் 'கொழுப்பற்ற திடப்பொருள்' என்று கொடுத்திருந்தார்கள். அட்டவணைத் தலைப்பில் அது மூன்று வரியாகி, பக்கத்துக் கட்டத்தைத் தள்ளி, தொகை ஸ்கிரீனுக்கு வெளியே போய்விட்டது. எங்கள் டீமின் இன்னொரு ஃபிரண்ட் எண்ட் தம்பி பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ்ஸோடு அரை நாள் மல்லுக்கட்டினார். எழுத்தைச் சிறிதாக்கினார், வரி இடைவெளியைக் குறைத்தார். உடனே மலையாளப் பக்கத்தில் ஒன்றன் கீழ் ஒன்றாக அடுக்கி வரும் கூட்டெழுத்துகளின் அடிப்பகுதி வெட்டுப்பட்டது. டிசைனர் அதைப் பார்த்ததும் பதறிவிட்டார். "சேட்டா, இது எங்க ஆளுங்க வாசிக்கவே மாட்டாங்க."

மையத்தில் கேட்டோம். அக்கா ஒரே வரியில் முடித்தார்: "எஸ்.என்.எஃப்புன்னே போடுங்க தம்பி, நாங்க அப்படித்தானே சொல்றோம். கொழுப்புன்னு எழுதுனா டாக்டர் சீட்டு மாதிரி இருக்குது."

தலைப்பு 'ஃபேட்', 'எஸ்.என்.எஃப்' என்று மாறியது. வரி இடைவெளி பழையபடி 1.6. தம்பி எழுதிய சிஎஸ்எஸ் முழுவதையும் அழித்தோம். அவர் முகம் வாடியது எனக்குக் கஷ்டமாக இருந்தது. கோளாறு சிஎஸ்எஸ்ஸில் இல்லை, சொல்லில் இருந்தது. அந்த அரை நாளில் சொல்லை மாற்றலாமா என்று கேட்கும் உரிமை தனக்கு இருக்கிறது என்றே அவர் நினைக்கவில்லை. அதுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

3 ஆகஸ்ட், ஆடிப் பதினெட்டு

லீவு. இருந்தாலும் ஒரு குறிப்பு. எல்லை ஓரத்தில் ஃபோன் ஒரு கணம் கேரள டவர், மறுகணம் தமிழ்நாட்டு டவர். மாறுகிற இடைவெளியில் நெட் செத்துவிடும். 'சேமி' தட்டினால் என்ன தெரிய வேண்டும்? டிசைனில் 'சேமிக்கப்பட்டது' மட்டும்தான் இருந்தது. நடுவில் உள்ள காத்திருப்பை நான் என் இஷ்டத்துக்குச் சுற்றும் வட்டமாக வைத்திருந்தேன். அக்கா அது சுற்றுவதைப் பார்த்து மறுபடி தட்டுவார். ஒரே பாலுக்கு இரண்டு பதிவு. கணக்கு தப்பினால் திட்டு வாங்குவது அவர்தான்.

இப்போது பதிவு முதலில் டேப்லெட்டிலேயே நிற்கிறது, பக்கத்தில் சின்ன மேகக்குறி, நெட் வந்ததும் பச்சை. ஒரு ஸ்டோரியை (ஸ்பிரிண்டில் ஒரு சின்ன வேலையை) கையில் எடுக்கும்போதே காலி, காத்திருப்பு, நெட் இல்லை, தவறு, முடிந்தது என்ற ஐந்து நிலைக்கும் என்ன காட்டுவோம் என்று இருவரும் பேசிவிடுகிறோம். வரைய வேண்டாம், பேசினால் போதும்.

10 ஆகஸ்ட்

ஜூலை 5இல் நான் கொடுத்த பதிலை இன்று திரும்பப் படித்தேன். பாதிதான் சரி.

ஒரு ஸ்பிரிண்ட் முன்னால் போவது வேலை செய்கிறது என்று எழுதினேன். உண்மையில் நாங்கள் செய்தது சின்னச் சின்ன நீர்வீழ்ச்சி, அதாவது ஒருவர் முழுசாக முடித்து அடுத்தவரிடம் தள்ளிவிடும் முறை. டிசைனர் போன ஸ்பிரிண்டில் முடித்ததை நான் இந்த ஸ்பிரிண்டில் திறப்பேன். சந்தேகம் கேட்டால் அவர் மனசு அதற்குள் அடுத்ததில் இருக்கும். 'சித்தூர்', நம்பர் பேடு, சுற்றும் வட்டம், எல்லாமே அந்த இரண்டு வார இடைவெளியில்தான் நுழைந்தன. டெசிரே சையின் கட்டுரையைக் குறை சொல்லவில்லை. இரு தரப்பும் தினமும் பேசிக்கொள்வதை அவர் அதில் சேர்த்தேதான் எழுதியிருக்கிறார். நாங்கள் அட்டவணையை எடுத்துக்கொண்டு பேச்சை விட்டுவிட்டோம்.

இது பழைய சண்டையும்கூட. 2001இல் அமெரிக்காவின் யூட்டாவில் 17 பேர் கூடி, சிறு சிறு சுற்றாக மென்பொருள் கட்டும் முறைக்கான அஜைல் அறிக்கையை எழுதினார்கள். வணிகத் தரப்பும் டெவலப்பர்களும் தினமும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்று அதன் கொள்கைகளில் இருக்கிறது, டிசைனர் எங்கே உட்கார வேண்டும் என்று இல்லை. அடுத்த வருடமே இடைமுக வடிவமைப்பாளர் ஆலன் கூப்பரும், அந்த 17 பேரில் ஒருவரான கென்ட் பெக்கும் ஒரு நேர்காணலில் மோதிக்கொண்டார்கள். ஒரு வரி கோடு எழுதும் முன்னால் பயனரைப் புரிந்துகொண்டு இடைமுகத்தை வடிவமைத்துவிட வேண்டும் என்பது கூப்பர் கட்சி. அப்படிச் செய்தால் எல்லாரும் டிசைனர் வாசலில் காத்துக்கிடக்க வேண்டும், சிறிது சிறிதாகச் சேர்ந்தே செய்யலாம் என்பது பெக் கட்சி. ஜூலையில் என்னைக் கேட்டிருந்தால், ஒரு சுற்று அளவுக்காவது கூப்பர் பக்கம் நின்றிருப்பேன். இப்போதும் பயனரைப் புரிந்துகொள்வதில் அவர் பக்கம்தான். வரைவதில் இல்லை.

17 ஆகஸ்ட்

சரி, இப்போது என்னதான் செய்கிறீர்கள் என்று கேட்டவருக்கு.

முன்னால் போவது மையத்துக்குப் போய்ப் பார்ப்பதும் ரசீதுப் பின்பக்கப் படமும் மட்டும். அந்தப் பயணத்துக்கு ஃபிரண்ட் எண்டிலிருந்து ஒருவர் கட்டாயம் கூடப் போகிறார், முறை வைத்து. நுணுக்கமான வடிவமெல்லாம் ஸ்பிரிண்டுக்குள், பிரவுசரில். தினமும் மதியம் ஒன்றரை மணி நேரம் டிசைனரும் அந்த ஸ்டோரியைக் கட்டுகிறவரும் ஒரே ஸ்கிரீன். நான் வீட்டில் இருக்கும் நாளில் ஸ்கிரீன் ஷேர். நிறம், இடைவெளி, எழுத்தளவு எல்லாம் டோக்கனாக (பெயரிட்ட மதிப்புகளாக) ஒரே கோப்பில், டிசைனரே அதை மாற்றுகிறார், என்னைக் கேட்பதில்லை. முதல் வாரம் எனக்கு உதறலாகத்தான் இருந்தது. அப்புறம், முழு ஸ்கிரீனையும் ஃபிக்மாவில் வரைவதை அவராகவே குறைத்துக்கொண்டார். புது காம்பொனென்ட் (பட்டன், கட்டம் போன்ற உறுப்பு) என்றால் மட்டும் வரைகிறார்.

மாதிரிப் பெயர்களுக்கு 'சித்தூர்' போடுவது தடை. நீளமான ஊர், இனிஷியல் மூன்று உள்ள பெயர், மலையாளத்தில் ஒன்று, காலியாக ஒன்று. இந்த நாலையும் எந்த ஸ்கிரீனும் தாங்க வேண்டும்.

24 ஆகஸ்ட்

"வாடிக்கையாளர் எல்லா ஸ்கிரீனையும் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பணம் தருவார், பெஞ்சில் உட்கார்ந்து வரைகிற கதை எங்களுக்கு ஒத்துவராது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நியாயமான தடைதான். எங்களுக்கும் முதல் ஒப்பந்தம் அப்படித்தான் இருந்தது. நாங்கள் எடுத்துக்கொண்ட வழி: கையெழுத்துக்கு ஸ்கிரீன் பட்டியலைக் கொடுத்தோம், படங்களில் மூன்றை மட்டும் முழுசாகக் கொடுத்தோம். முதல் டெமோவில் ஓடுகிற ஆப்பை அவர் கையிலேயே கொடுத்தோம். ஓடுவதைத் தொட்ட பிறகு அவர் மற்றப் படங்களைக் கேட்கவில்லை. உங்கள் ஆள் கேட்கலாம். அப்படியானால் அந்த மூன்றை ஐந்தாக்குங்கள், அறுபதாக்காதீர்கள்.

கேள்வி கேட்ட நண்பருக்கு: உங்கள் டிசைனர் டெமோ அன்றுதான் கட்டியதை முதல்முதலாகப் பார்க்கிறார் என்றால், அந்த ஒரு விஷயத்தை இந்த வாரமே மாற்றுங்கள். இரண்டாம் நாளே அரைகுறையாக ஓடுவதைக் காட்டுங்கள். மேனேஜரிடம் அனுமதிகூடத் தேவைப்படாது.

7 செப்டம்பர்

ஓணம் முடிந்தது. ஓணத்துக்கு முன்னால் உறுப்பினர்களுக்குப் போனஸ் ரசீது அடிக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். கைவசம் இருந்தது ஆறே வேலை நாள். முதல் நாளே டிசைனர், நான், அக்கா மூன்று பேரும் வீடியோவில் உட்கார்ந்து, போன வருடம் கையால் எழுதிய ரசீதை அக்கா கேமராவுக்குக் காட்டக் காட்ட, பிரவுசரில் கட்டினோம். நாலாம் நாள் முடிந்துவிட்டது.

ரசீது பிரிண்டர் 58 மில்லிமீட்டர் காகிதம். அதில் தமிழ் எழுத்துரு கிடையாது, மலையாளமும் கிடையாது, அதனால் முழு ரசீதையும் படமாக்கி அனுப்புகிறோம். அந்த அகலத்தில் 'கொழிஞ்சாம்பாறை' பெயருக்குப் பக்கத்தில் நிற்காமல் அடுத்த வரிக்கு இறங்குகிறது. நான் எழுத்தைச் சிறிதாக்கலாம் என்றேன். டிசைனர் கூடாது, வயசானவர்கள் வாசிக்க வேண்டும், ஊர் கீழேயே இருக்கட்டும், தொகையை மட்டும் தடித்த எழுத்தில் தனி வரியில் போடலாம் என்றார். அடித்துப் பார்த்தோம். மாடு கறந்துரும் என்று சொன்ன அந்தப் பெரியவர் ரசீதை வாங்கி, கையைத் தள்ளிப் பிடித்து, கண்ணாடி இல்லாமலே தொகையைப் படித்தார். அப்புறம் ஊர்ப்பெயரையும் படித்தார்.